எக்ஸ்பி நிறுவல் சிடியில் பூட் செய்தால் 7பி நீலத்திரை: கோளாறு ஹார்ட் டிஸ்க்கிலா, ரேமிலா, சிடியிலா?

தறிநாடா:

வணக்கம். பழைய லேப்டாப் ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி ஏற்ற வேண்டும். அளவீட்டுக் கருவி ஒன்றின் கார்டு இதன் பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டில் செருகப்படுகிறது. அந்தக் கார்டுக்கான டிரைவர் எக்ஸ்பிக்கு மேல் எதற்கும் வெளிவரவில்லை. நெட் இணைப்பு கொடுக்கப் போவதில்லை, ஆகவே பாதுகாப்பு குறித்த அறிவுரைகளைத் தவிர்க்கலாம்.

மெஷின்: இன்டெல் கோர் 2 டுயோ, 965 வரிசை மொபைல் சிப்செட், 1 ஜிபி ரேம் இரண்டு, 160 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். சிடி: எக்ஸ்பி ப்ரொஃபஷனல் 32 பிட், சர்வீஸ் பேக் 2, ஒரிஜினல்.

நடப்பது இதுதான். சிடியில் பூட் ஆகிறது. ஹார்டுவேரை ஆராயும் கறுப்புத் திரை தாண்டுகிறது. பிறகு நீல நிறத் திரையில் கீழே ஒவ்வொரு ஃபைலாக ஏறுவது தெரிகிறது. கடைசியாக 'செட்டப் இஸ் ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' என்று வந்து, சில விநாடிகளில்:

ஸ்டாப்: 0எக்ஸ்0000007பி (0எக்ஸ்எஃப்78டி2524, 0எக்ஸ்சி0000034, 0எக்ஸ்00000000, 0எக்ஸ்00000000)

ஒவ்வொரு முறையும் இதே எண்கள், இதே இடம். வைரஸ் பார், புதிதாகப் போட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று, செக்டிஸ்க் ஓட்டு என்று திரை சொல்கிறது. டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிச் செக்டிஸ்க்கும் வைரஸ் ஸ்கேனும் ஓட்டியாயிற்று, சுத்தம். சிடிக்கு ஒரு நகல் எடுத்துப் போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. இதே மெஷினில் விஸ்டா ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதா, ரேமை மாற்றுவதா?


நள்ளிரவு:

நீலத்திரை என்றாலே முதலில் ரேமைப் பாருங்கள். இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள், பிறகு மற்றதை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டாமல் வேறு எதிலும் இறங்க வேண்டாம்.


வட்டுவைத்தியர்:

எதையும் கழற்றவோ வாங்கவோ வேண்டாம். நீங்கள் கொடுத்த இரண்டாவது எண்ணிலேயே பதில் இருக்கிறது.

7பி என்றால் பூட் ஆக வேண்டிய சாதனத்தை விண்டோஸால் எட்ட முடியவில்லை என்று பொருள். அடைப்புக்குறிக்குள் முதலில் வரும் எஃப்78டி2524 வெறும் மெமரி முகவரி, அதில் படிக்க ஒன்றுமில்லை. இரண்டாவதைப் படிக்க வேண்டும். சி0000034 என்றால் அந்தப் பெயரில் ஒரு சாதனமே பதிவாகவில்லை. அதாவது, டிஸ்க்கைத் திறந்து பார்த்து உள்ளே கெட்டிருக்கிறது என்று சொல்லவில்லை, டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அதே இடத்தில் சி0000032 இருந்தால் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பு சிதைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செக்டிஸ்க் பக்கம் போகலாம். திரையில் வரும் ஆங்கில அறிவுரை எல்லா 7பிக்கும் பொதுவாக அச்சடித்து வைத்தது. உங்கள் மெஷினை ஆராய்ந்து சொன்னதல்ல.

ஏன் சரியாக அந்த இடத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். சிடியிலிருந்து ஃபைல்கள் ஏறும் வரை வேலை முழுவதும் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) மூலம் நடக்கிறது. விண்டோஸின் மையமான கர்னல், அதை ஹார்டுவேரோடு இணைக்கும் எச்ஏஎல், எக்ஸ்பிக்குத் தெரிந்த அத்தனை டிஸ்க் டிரைவர்கள் எல்லாவற்றையும் பயாஸின் உதவியோடுதான் லோடர் மெமரிக்குள் கொண்டுவருகிறது. 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' என்று வரும்போது கட்டுப்பாடு கர்னலின் கைக்குப் போகிறது. அந்த நொடியிலிருந்து பயாஸ் துணை கிடையாது. மெமரியில் ஏறிய டிரைவர்களில் ஏதாவது ஒன்று டிஸ்க் கன்ட்ரோலரை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். யாருமே பிடிக்கவில்லை என்றால் 7பி. சில மெஷின்களில் இதே கோளாறு நீலத்திரையாக வராமல், அடுத்த படிக்குப் போய் 'ஹார்ட் டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை' என்ற செய்தியாக வரும். இரண்டும் ஒரே நோய்தான்.

உங்கள் சிப்செட்டில் சாட்டா கன்ட்ரோலர் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் ஓடுகிறது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அதன் சிடியில் இருக்கும் அட்டாபி.சிஸ் பழைய ஐடிஇ முறையை மட்டும் அறியும். ஏஎச்சிஐ கன்ட்ரோலரோடு பேசும் விதமே வேறு, அதற்கான டிரைவர் சர்வீஸ் பேக் 3 சிடியிலும் கிடையாது. விஸ்டாவில் எம்எஸ்ஏஎச்சிஐ.சிஸ் உள்ளேயே வருகிறது. உங்கள் மெஷினில் விஸ்டா சரியாக ஓடுவதற்கும் எக்ஸ்பி விழுவதற்கும் காரணம் அதுவே. டிஸ்க்கும் கேபிளும் நன்றாக இருக்கின்றன என்பதற்கும் விஸ்டாவே சாட்சி.

முதலில் செய்ய வேண்டியது: பயாஸுக்குள் போங்கள். சாட்டா மோட், சாட்டா ஆபரேஷன், சாட்டா நேட்டிவ் மோட், ஸ்டோரேஜ் கான்ஃபிகரேஷன் என்று ஏதாவது ஒரு பெயரில் அமைப்பு இருக்கும். அதன் மதிப்பு ஏஎச்சிஐ அல்லது ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) என்று இருந்தால் ஐடிஇ, ஏடிஏ, கம்பேட்டிபிள், லெகசி இவற்றில் எது கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். நேட்டிவ் என்று மட்டும் இருந்து 'எனேபிள்டு' என்றிருந்தால் 'டிஸேபிள்டு' ஆக்குங்கள். சேமித்து வெளியே வந்து சிடியில் பூட் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு கதை முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அப்படி மாற்றிய பிறகு ஏற்கெனவே இருக்கும் விஸ்டாவை பூட் செய்தால் அது 7பியில் விழக்கூடும். பயந்துவிட வேண்டாம். மதிப்பைப் பழையபடி ஏஎச்சிஐக்கு மாற்றினால் விஸ்டா எழுந்துவிடும், தகவல் எதுவும் அழிவதில்லை.

ஐடிஇ முறையில் வேகம் குறையுமே என்று யாராவது சொல்வார்கள். டிஸ்க்குக்கான வேலைகளை வரிசைப்படுத்தும் என்சிகியூவும் ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வசதியும் போகும். ஒரு கருவியின் சாஃப்ட்வேரை மட்டும் ஓட்டப் போகும் லேப்டாப்பில் அந்த வேறுபாட்டை யாரும் உணரப் போவதில்லை.


நள்ளிரவு:

டிரைவர் விளக்கம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ரேம் கோளாறு என்று எப்போது சந்தேகிப்பது? இதே மாதிரி சிடி பூட்டில் விழும் மெஷின்கள் நிறைய ரேமால் விழுகின்றனவே.


வட்டுவைத்தியர்:

விழத்தான் செய்கின்றன. ஆனால் அவை விழும் விதம் வேறு. ரேம் கெட்டிருந்தால் எண் நிலையாக இருக்காது. ஒருமுறை 0ஏ, அடுத்த முறை 50, பிறகு 1ஏ, 4ஈ, 7எஃப் என்று மாறும். விழும் இடமும் மாறும். ஒரு தடவை ஃபைல் ஏறும்போது, ஒரு தடவை பார்ட்டிஷன் திரையில், ஒரு தடவை ஃபைல்களை நகலெடுக்கும்போது. 'இந்த ஃபைலை நகலெடுக்க முடியவில்லை' என்று வந்து, மறுபடி முயன்றால் வேறொரு ஃபைலின் பெயரைச் சொல்லும். சிடியில் பெரும்பாலான ஃபைல்கள் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதுதான் இதற்குக் காரணம். விரிக்கும்போது மெமரியில் ஒரு பிட் புரண்டாலும் அந்த ஃபைல் கெட்டுவிடும். இணையம் பார்க்க ஒத்துழைக்கும் அரைகுறை ரேம் நிறுவலின்போது மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அப்படிப்பட்ட அறிகுறி இருந்தால் மெம்டெஸ்ட்86+ சரியான வழி. குறைந்தது இரண்டு முழுச் சுற்று, முடிந்தால் இரவு முழுக்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விட்டுவிடக் கூடாது. பிழை வந்தால் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தால் கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று தெரியும். மாற்றுவதற்கு முன் தொடுமுனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பின் மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே தீரும்.

சிடி கோளாறு வேறு மாதிரி. அது பெரும்பாலும் நீலத்திரை தராது. குறிப்பிட்ட ஒரே ஃபைலில் வந்து நிற்கும், டிரைவ் மறுபடி மறுபடி சுழன்று முனகும், அல்லது அந்த ஃபைல் சிதைந்திருக்கிறது என்று பெயர் சொல்லி நின்றுவிடும். அதிவேகத்தில் எரித்த சிடியைப் பழைய டிரைவ் தடுமாறித்தான் படிக்கும். 8எக்ஸ் அல்லது 16எக்ஸ் வேகத்தில் எரித்து, எரித்தபின் சரிபார்க்கும் வசதியையும் டிக் செய்வது நல்லது.

மூன்றும் இல்லாமல், 'ஹார்டுவேரை ஆராய்கிறது' என்ற முதல் வரிக்குப் பிறகு கறுப்புத் திரையிலேயே உறைந்துபோனால் பார்ட்டிஷன் டேபிளைச் சந்தேகிக்க வேண்டும். ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் அமைந்த டிஸ்க், எக்ஸ்பிக்குப் புரியாத பார்ட்டிஷன் அமைப்பு இவற்றில் அது வழக்கம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே சிடியில் பூட் செய்து பாருங்கள். அப்போது தாண்டிப் போய் 'ஹார்ட் டிஸ்க் இல்லை' என்று சொன்னால் பிரச்சினை டிஸ்க்கில் எழுதியிருப்பதில் இருக்கிறது.


கல்வெட்டு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஒத்த பிரச்சினை என்பதால் இங்கேயே கேட்கிறேன். விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்தால் ஸ்டாப் ஏ5 வருகிறது. போர்டு ஓரளவு புதியது. இங்கேயும் சாட்டாவை ஐடிஇக்கு மாற்ற வேண்டுமா?


இரும்புப்பெட்டி:

வேண்டாங்க, அது வேற கதை. ஏ5 என்றால் போர்டின் பயாஸ் கொடுக்கும் ஏசிபிஐ (மின்சாரத்தையும் சாதன அமைப்பையும் நிர்வகிக்கும் முறை) அட்டவணைகள் அந்த விண்டோஸுக்கு ஒத்துவரவில்லை. டிஸ்க்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பயாஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றி, 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்து, சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறை) எனேபிள் செய்து, செக்யூர் பூட் அணைத்துப் பாருங்க. அப்பவும் வந்தால் அந்தப் போர்டு விண்டோஸ் 7க்கு உரியதல்ல என்று விட்டுவிடலாம். இன்டெல்லில் 6ஆம் தலைமுறைக்குப் பிறகு விண்டோஸ் 7க்கு அதிகாரபூர்வ ஆதரவே இல்லை. ஏ5ஐத் தாண்டினாலும் யூஎஸ்பி 3 டிரைவர் டிவிடியில் இல்லாததால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்துக் கிடக்கும்.

எக்ஸ்பி சிடியில் ஏ5 வந்தால் மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. கூடுதல் டிஸ்க் டிரைவர் கொடுக்க எஃப்6 அழுத்தச் சொல்லும் நேரத்தில் எஃப்7 அழுத்தினால் ஏசிபிஐ இல்லாத எச்ஏஎல் ஏறும். நிறுவல் முடியும். ஆனால் ஷட்டவுன் கொடுத்தால் மின்சாரம் தானாக அணையாது, இரண்டாவது கோர் பயன்படாது. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்க.

5டி வந்தால் பிராசஸர் போதவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 8இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வரும். அதற்கு முன் பயாஸில் என்எக்ஸ் அல்லது எக்ஸ்டி என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா பாருங்க. அதைப் போட்டாலே சில மெஷின் எழுந்துவிடும்.


தறிநாடா:

மிக்க நன்றி. பயாஸில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாயிற்று. சாட்டா பற்றி ஒரு வரிகூட இல்லை. பூட் வரிசை, பாஸ்வேர்டு, தேதி, நேரம், விர்ச்சுவலைசேஷன் அவ்வளவுதான். பயாஸின் கடைசிப் பதிப்பும் போட்டிருக்கிறது. ஃப்ளாப்பி டிரைவ் கிடையாது. எஃப்6 அழுத்தினால் ஏ டிரைவில் ஃப்ளாப்பி கேட்கிறது, பென் டிரைவை ஏற்க மறுக்கிறது. இனி என்ன வழி?


இரும்புப்பெட்டி:

எஃப்6 முறை ஏ டிரைவை மட்டும்தான் பார்க்கும், பென் டிரைவை எத்தனை முறை செருகினாலும் பயனில்லை. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவிலும் சில மாடல்கள்தான் ஒத்துழைக்கும். அதிலும் ஒரு பொறி இருக்கு: டிரைவர் முதலில் ஏறிவிடும், ஃபைல்களை டிஸ்க்குக்கு நகலெடுக்கும் கட்டத்தில் ஃப்ளாப்பியை மறுபடி கேட்கும். அதற்குள் கழற்றியிருந்தால் அல்லது டிரைவ் தொலைந்துபோயிருந்தால் அங்கேயே நிற்கும்.

உங்களுக்கு ஸ்லிப்ஸ்ட்ரீம்தான் வழி. டிரைவரைச் சிடிக்குள்ளேயே கலந்து புது சிடி எரிப்பது. என்லைட் என்ற இலவச நிரல் போதும், அது ஓட டாட்நெட் 2.0 வேண்டும்.

முதலில் உங்கள் கன்ட்ரோலரின் அடையாள எண்ணைத் துல்லியமாக எடுங்க. விஸ்டா ஓடுகிறதல்லவா? டிவைஸ் மேனேஜரில் 'ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ்' கீழே சாட்டா ஏஎச்சிஐ என்றிருப்பதைத் திறந்து, டீடெய்ல்ஸ் டேபில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்க. வென்_8086, டெவ்_ என்று தொடங்கி நான்கு இலக்கம் வரும். 8086 என்றால் இன்டெல். அந்த நான்கு இலக்கம்தான் முக்கியம். லினக்ஸ் லைவ் சிடி இருந்தால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் சேர்த்துக் கொடுத்தாலும் அதே எண் கிடைக்கும். ஐசிஎச்8எம் என்றால் 2829, ஐசிஎச்9எம் என்றால் 2929. 965 சிப்செட் என்பதால் உங்களுடையது 2829ஆக இருக்கும், ஆனாலும் பார்த்து உறுதிப்படுத்துங்க.

டிரைவர்: இன்டெல் மேட்ரிக்ஸ் ஸ்டோரேஜ் மேனேஜரின் 8 வரிசைப் பதிப்பு, ஃப்ளாப்பிக்கான 32 பிட் தொகுப்பு. நிறுவும் இஎக்ஸ்இ ஃபைல் வேண்டாம். விரித்தால் ஐஏஎச்சிஐ.ஐஎன்எஃப், ஐஏஸ்டோர்.ஐஎன்எஃப், ஐஏஸ்டோர்.சிஸ், டெக்ஸ்ட்செட்டப்.ஓஇஎம் என்று சில ஃபைல்கள்தான் இருக்கும். டெக்ஸ்ட்செட்டப்.ஓஇஎம் ஃபைலை நோட்பேடில் திறந்து உங்கள் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்க. இல்லையென்றால் அந்தப் பதிப்பு உங்கள் மெஷினுக்கு உதவாது, சிடியை வீணாக்க வேண்டாம். 64 பிட் தொகுப்பும் அதே ஃபைல் பெயர்களோடு வரும், ஃபோல்டரைக் கவனித்து எடுங்க.

இனி சிடி:

எக்ஸ்பி சிடியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு காலி ஃபோல்டருக்கு நகலெடுங்க. ஐ386 ஃபோல்டர் மட்டும் போதாது. ரூட்டில் வின்51, வின்51ஐபி, வின்51ஐபி.எஸ்பி2 என்ற குட்டி ஃபைல்கள் இருக்கும். உள்ளே ஒன்றுமில்லையே என்று விட்டுவிட்டால் நிறுவலின் நடுவில் சிடி செருகியிருக்கும்போதே 'சிடியைச் செருகு' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

என்லைட்டில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. பதிப்பும் சர்வீஸ் பேக் எண்ணும் சரியாக வருகிறதா பாருங்க. பணிகள் பட்டியலில் சர்வீஸ் பேக், டிரைவர்ஸ், பூட்டபிள் ஐஎஸ்ஓ மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்க. காம்பொனன்ட்ஸ் நீக்கும் பகுதியைத் தொடாதீங்க. நூறு மெகாபைட் மிச்சம் பிடிக்கப் போய், பிறகு கருவியின் சாஃப்ட்வேர் ஏதோ ஒரு டிஎல்எல் இல்லை என்று அழும், காரணம் கண்டுபிடிக்க முடியாது.

சர்வீஸ் பேக் இடத்தில் எஸ்பி3இன் முழு நிறுவல் ஃபைலைக் கொடுங்க. அதன் மொழி உங்கள் சிடியின் மொழியாகவே இருக்க வேண்டும். ஏஎச்சிஐக்காக எஸ்பி3 தேவையில்லை, எஸ்பி2வே போதும். எப்படியும் சிடி எரிக்கிறோம், ஒரே வேலையாக முடிந்துவிடட்டும் என்றுதான் சொல்கிறேன்.

டிரைவர்ஸ் பக்கத்தில் இன்சர்ட், சிங்கிள் டிரைவர் கொடுத்து ஐஏஎச்சிஐ.ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டுங்க. உடனே ஒரு ஜன்னல் திறந்து 'மோட்' என்ன என்று கேட்கும். இங்கேதான் பலரும் சறுக்குவது. 'டெக்ஸ்ட்மோட் டிரைவர்' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். பிஎன்பி (பிளக் அண்ட் பிளே) என்று விட்டால் அந்த டிரைவர் நிறுவலின் பிற்பகுதியில்தான் வேலைக்கு வரும், அதற்கு முன்பே நீலத்திரை வந்துவிடும். கீழே உள்ள பட்டியலில் உங்கள் சிப்புக்குரிய வரியைத் தேர்ந்தெடுங்க.

அப்ளை கொடுத்து முடிந்ததும் ஐஎஸ்ஓ உருவாக்கி, 700 எம்பி சிடிஆரில் குறைந்த வேகத்தில் எரிங்க. எஸ்பி3 சேர்ந்தாலும் ஒரே சிடியில் அடங்கும். ஐஎஸ்ஓவை வேறு நிரலில் நீங்களே கட்டுவதாக இருந்தால் பூட் பகுதியை எமுலேஷன் இல்லாமல், ஏற்ற வேண்டிய செக்டர் 4 என்று கொடுக்கணும். எக்ஸ்பியின் பூட் பகுதி 2048 பைட், 512 வீதம் நான்கு செக்டர். 1 என்று விட்டால் சிடி பூட்டே ஆகாது.

இன்டெல் அல்லாத போர்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், டிரைவர் மட்டும் மாறும். என்விடியா என்ஃபோர்ஸ் போர்டு என்றால் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர், ரெய்டு கிளாஸ் என்ற இரண்டு டிரைவரையும் சேர்த்தே கொடுக்கணும். ஒன்றை மட்டும் கொடுத்தால் டிஸ்க் தெரியாது.


நள்ளிரவு:

இவ்வளவு சிரமத்துக்குப் பதில் புதிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷின் வைத்து அதற்குள் எக்ஸ்பி ஏற்றக் கூடாதா? அங்கே ஐடிஇ கன்ட்ரோலர்தானே கொடுப்பார்கள்.


இரும்புப்பெட்டி:

சீரியல் போர்ட் அல்லது யூஎஸ்பி கருவி என்றால் நானும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். பிசிஎம்சிஐஏ கார்டை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோவது நடக்கிற காரியமில்லைங்க.


தறிநாடா:

எண் 2829 என்று உறுதியானது. சொன்னபடி சிடி எரித்தாயிற்று, எஸ்பி3யும் சேர்ந்துவிட்டது. ஃபைல் ஏறும்போது கீழே இன்டெல் டிரைவரின் பெயரும் ஓடுவதைப் பார்க்க முடிகிறது. ஆனால் முடிவில் அதே 7பி, அதே சி0000034. டெக்ஸ்ட்மோட்தான் தேர்ந்தெடுத்தேன். ஐஏஎச்சிஐ.ஐஎன்எஃப் ஃபைலுக்குப் பதில் ஐஏஸ்டோர்.ஐஎன்எஃப் கொடுத்தேன். பட்டியலில் 'மொபைல்' என்றிருந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன்.


வட்டுவைத்தியர்:

அங்கேதான் தவறியிருக்கிறது. ஐஏஸ்டோர்.ஐஎன்எஃப் ரெய்டு முறைக்கானது, ஐஏஎச்சிஐ.ஐஎன்எஃப் ஏஎச்சிஐ முறைக்கானது. இரண்டும் கடைசியில் ஐஏஸ்டோர்.சிஸ் என்ற ஒரே டிரைவரைத்தான் ஏற்றுகின்றன. அதனால்தான் பெயர் ஓடுவது தெரிந்தது. டிரைவர் மெமரிக்குள் வந்தால் மட்டும் போதாது, எந்த எண்ணுள்ள சாதனத்தை அது எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பதிவும் பொருந்த வேண்டும்.

இதே சிப் முறைக்கு ஏற்றபடி தன் எண்ணை மாற்றிக் காட்டும். ஐடிஇ என்றால் 2828, ஏஎச்சிஐ என்றால் 2829, ரெய்டு என்றால் 282ஏ. நீங்கள் தேர்ந்தெடுத்த மொபைல் வரி 282ஏவுக்கு உரியது. உங்கள் மெஷின் 2829 என்று காட்டுகிறது. பதிவு பொருந்தவில்லை, டிரைவர் சும்மா உட்கார்ந்திருந்தது, கர்னலுக்கு டிஸ்க் கிடைக்கவில்லை.

ஐஏஎச்சிஐ.ஐஎன்எஃப் கொடுத்து, வரியின் பெயரில் ஐசிஎச்8எம் அல்லது 82801எச்ஈஎம் என்பதும் ஏஎச்சிஐ என்பதும் சேர்ந்து வருவதைத் தேர்ந்தெடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று மாறும். சந்தேகமாக இருந்தால் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஏஎச்சிஐ என்ற சொல் வரும் வரிகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாலும் கெடுதல் இல்லை, பொருந்தாதவை வேலை செய்யாமல் கிடக்கும்.

முக்கியமாக, ஏற்கெனவே என்லைட் தொட்ட ஃபோல்டரின் மேல் மறுபடி ஓட்டாதீர்கள். ஒரிஜினல் சிடியிலிருந்து புதிதாக நகலெடுத்து ஆரம்பியுங்கள். இரண்டு முறை பதப்படுத்திய ஃபோல்டரிலிருந்து வரும் சிடி எங்கே, எதனால் விழுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்தால் முதலில் சிடிஆர்டபிள்யூவில் எரித்துப் பாருங்கள், வீணாகாது.


தறிநாடா:

தாண்டிவிட்டது! புது நகல், ஐஏஎச்சிஐ.ஐஎன்எஃப், ஐசிஎச்8எம் வரி. இப்போது பார்ட்டிஷன் திரையில் நிற்கிறது, 160 ஜிபி டிஸ்க் முழுதாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இங்கேயே புதிதாக உருவாக்கலாமா? பிறகு இந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடும் எண்ணமும் இருக்கிறது. அப்போது கவனிக்க ஏதாவது உண்டா?


வட்டுவைத்தியர்:

இந்த டிஸ்க்குக்குத் தாராளமாக அங்கேயே உருவாக்கலாம். விஸ்டாவில் வேண்டியது இருந்தால் மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். ஃபார்மட் கேட்கும்போது 'குயிக்' வேண்டாம், முழு என்டிஎஃப்எஸ் ஃபார்மட் கொடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் கெட்ட செக்டர் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

எஸ்எஸ்டிக்கு எக்ஸ்பி நிறுவியில் பார்ட்டிஷன் போடாதீர்கள். அது 63ஆம் செக்டரில் தொடங்கும், எஸ்எஸ்டியின் உள் பக்க எல்லைகளோடு ஒத்துப்போகாது. எழுதும் வேலை தேவையில்லாமல் கூடும். ஜிபார்ட்டட் லைவ் சிடியிலோ விண்டோஸ் 7 டிவிடியிலோ முன்பே 2048ஆம் செக்டரில் தொடங்கும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் போட்டு, எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில், ஆக்டிவ் என்று குறித்து வையுங்கள். எக்ஸ்பி நிறுவியில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, 'இருக்கும் ஃபைல் அமைப்பை அப்படியே விடு' என்ற கடைசித் தெரிவைக் கொடுத்தால் போதும். அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் எக்ஸ்பிக்குத் தெரியாது, ஆகவே சில ஜிபியைப் பார்ட்டிஷன் போடாமல் காலியாக விட்டுவையுங்கள்.


இரும்புப்பெட்டி:

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபைல் நகலெடுத்து முடிந்து மெஷின் தானாக மறுபடி தொடங்கும்போது 'சிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது கீ அழுத்து' என்று வரும். அப்போது எதையும் அழுத்தாதீங்க, சிடியையும் வெளியே எடுக்காதீங்க. அழுத்தினால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். டெஸ்க்டாப் வந்த பிறகு இன்டெல் சிப்செட் ஐஎன்எஃப் தொகுப்பை முதலில் போடுங்க, அடுத்து வீடியோ, அதன் பிறகு ஆடியோ. ஆடியோ மட்டும் ஏற மறுத்தால் மைக்ரோசாஃப்ட் யூஏஏ பஸ் டிரைவர் ஏறியிருக்கிறதா பாருங்க. அளவீட்டுக் கார்டை இதெல்லாம் முடிந்து, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லாத நிலையில் செருகுங்க.